மருந்தும் ஆறுதலும்

மருத்துவ வரலாற்றில் 1957ஆம் ஆண்டு இருவகையில் நினைவுகூரத்தக்கது. அமெரிக்காவில் டாக்டர் டொன்னால் தாமஸ், ஆறு நோயாளிகளுக்கு எலும்பு மஜ்ஜையைச் செலுத்திய தமது முயற்சியை அவ்வாண்டில் வெளியிட்டார். அவர்களுள் எவரும் நெடுநாள் பிழைக்கவில்லை. எனினும் அவர் தளரவில்லை. பின்னர் ஸியாட்டில் நகரில் அம்முறையைச் செம்மைப்படுத்தி, 1990இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

அதே 1957இல், முன்னர் செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் விளங்கிய ஸிஸிலி ஸாண்டர்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி மருத்துவரானார். தீராநோயாளரின் வேதனையைத் தணிப்பதற்கென 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவினார். உடல்நோவு, மனத்துயர், குடும்பக் கவலை, ஆன்மாவின் ஏக்கம் ஆகிய நான்கும் கூடியதே வலி என்பது அவர் கொள்கை.

முன்னது உயிரைக் காக்கப் போராடியது. பின்னது துன்பத்தைத் தணிக்க முயன்றது. இவ்விரண்டும் நெடுங்காலம் தனித்தனி வழிகளிலேயே சென்றன. நோவு தணிக்கும் மருத்துவரை அழைப்பது கைவிரித்துவிட்டதற்கு அடையாளம் என்றே பலரும் கருதினர். எனவே, குணமாகும் நம்பிக்கையுடன் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்கு வந்தோரிடம் அம்மருத்துவர் பெரும்பாலும் அணுகவில்லை.

ஆனால் அச்சிகிச்சையின் கடுமையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கடுமையான மருந்துகளால் பழைய மஜ்ஜை அழிக்கப்படுகிறது. புதிய செல்கள் வேரூன்றும்வரை நோயாளி வாரக்கணக்கில் தனியறையில் கிடக்கிறார். வாய்ப்புண், வாந்தி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை, அச்சம் யாவும் அவரை வாட்டுகின்றன. குணமடையப் போகிறவர் என்பதற்காக அவருடைய வேதனை குறைந்துவிடுமா?

இவ்வினாவை பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டாக்டர் அரீஜ் அல்ஜவாஹ்ரியும் அவர்தம் குழுவினரும் ஆய்ந்தனர். 160 நோயாளிகள் இரு பிரிவாயினர். ஒரு பிரிவினரை நோவு தணிக்கும் மருத்துவக் குழுவினர் வாரம் இருமுறையேனும் கண்டு பேணினர். மற்றவர்க்கு வழக்கமான சிகிச்சையே நடந்தது. 2016இல் முடிவு வெளியாயிற்று. சிகிச்சை மிகக் கடுமையாயிருந்த இரண்டாம் வாரத்தில், பேணப்பட்டோரின் வாழ்நிலை மற்றவரினும் குறைவாகவே தாழ்ந்தது. ஆறு மாதங்களுக்குப் பின்னரும் அவர்களிடம் மனச்சோர்வு குறைவாயிருந்தது. உடனிருந்து பணிவிடை செய்த உறவினரின் மனச்சோர்வும் அத்துணை பெருகவில்லை.

ஆகவே, மருத்துவர் இத்தகைய உதவியைப் பரிந்துரைத்தால் குடும்பத்தார் கலங்க வேண்டுவதில்லை. அது நம்பிக்கை அற்றுப்போன செய்தியன்று. நோயாளி குணமாகும் வழியைத் தாங்கிக் கடக்கத் தரப்படும் துணையே ஆகும். பரிந்துரை வராவிடினும் குடும்பத்தாரே அதனைக் கேட்டுப் பெறுவது முறை.