பட்டுத் துண்டுகளும் பருத்தி அடித்துணியும்

பீரோவில் கிடக்கும் பழைய பட்டுப் புடவையை வெட்டி விரிப்பு தைக்கப்போகிறீர்களா? கத்திரியை எடுக்கும் முன் அமெரிக்காவின் ‘கிரேஸி குவில்ட்’ கதையைக் கேளுங்கள். 1876 பிலடெல்பியா கண்காட்சியில் ஜப்பானியக் கலைப்பொருட்களின் கோணல் அழகு பலரையும் மயக்கியது. 1880-களில் பெண்கள் பட்டு, வெல்வெட் துண்டுகளைக் கோணல்மாணலாகப் பருத்தித் துணிமேல் வைத்துத் தைத்து, ஓரங்களில் எம்பிராய்டரி போட்டார்கள். சுருட்டுக் கட்டிய ரிப்பன்கூடத் தப்பவில்லை! எல்லாம் போர்த்திக்கொள்ள அல்ல, பெரும்பாலும் வரவேற்பறையில் காட்டத்தான்.

அவற்றில் பலவற்றின் பட்டு இன்று பொடியாக உதிர்கிறது. தைத்தவர்கள் மேல் குற்றமில்லை. பட்டின் எடையைக் கூட்ட ஏற்றிய வெள்ளீய, இரும்பு உப்புகள் இழையை அரித்துவிட்டன. உதிர்ந்த இடங்களில் அடியிலிருக்கும் பருத்தி எட்டிப் பார்க்கிறது.

உங்கள் புடவையும் மடிப்பில் விட்டிருந்தால், அந்தப் பகுதியை ஒதுக்கிவிடுங்கள். மீதித் துண்டுகளுக்கு அடியில் துவைத்த மல் துணி கொடுத்துத் தையுங்கள்.