தண்டப்பணமும் பொதுசன அபிப்பிராயமும்

சட்டத்தை ஆக்குவது பாராளுமன்றம். அதை வாழவைப்பது மக்களின் மனச்சம்மதம். இந்த உண்மையை மோட்டார் வாகனக் குற்றங்களுக்கான தண்டப்பணத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. திருடன் தண்டிக்கப்பட்டால் ஊர் முழுவதும் மகிழ்கின்றது. வேகமாகக் கார் ஓட்டியவன் தண்டிக்கப்பட்டாலோ, அதே ஊரில் அவனுக்காக இரங்குவோர் பலர். திருட்டைப் பற்றிக் கேட்பவன் தன்னைப் பொருளை இழந்தவனாகவே எண்ணிக்கொள்கிறான். வேகத்தைப் பற்றிக் கேட்கும் சாரதியோ தன்னைப் பிடிபட்டவனாக எண்ணிக்கொள்கிறான். தண்டப்பணத்தை உயர்த்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் கிளம்பும் எதிர்ப்புக்கு அடிப்படை இதுவே. பிரித்தானியாவின் வரலாறு இதற்குச் சிறந்த சான்று.

1865ஆம் ஆண்டுச் சட்டம், நீராவியால் இயங்கும் வீதி வண்டிகளுக்கு முன்னால் ஒருவர் செங்கொடி ஏந்தி நடந்து செல்ல வேண்டும் என்று விதித்தது. நகரத்தில் மணிக்கு 2 மைல், நாட்டுப்புறத்தில் 4 மைல் என்பதே வேகத்தின் எல்லை. 1896 சனவரியில் கென்ற் மாநிலத்தில் வால்ட்டர் ஆர்னல்ட் என்பவர் மணிக்கு 8 மைல் வேகத்திற் சென்றார். பொலிஸ்காரர் ஒருவர் துவிச்சக்கர வண்டியில் அவரைத் துரத்திப் பிடித்தார். வேகத்துக்காக அவர் இறுத்த தண்டம் ஒரு சிலிங். அந்நாட்டில் வேகக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் மோட்டார்ச் சாரதி அவரே என்பர். அன்று அது நகைப்புக்குரிய செய்தியாயிருந்தது. ஆனால் அதே ஆண்டு ஆகத்து மாதத்தில், இலண்டன் பளிங்கு மாளிகைத் தோட்டத்தில், பிரிட்ஜெற் டிறிஸ்கொல் என்ற பெண்மணி கார் மோதி உயிரிழந்தார். விளையாட்டுப்போல் தொடங்கிய கதையில் மரணமும் புகுந்துவிட்டது.

1903ஆம் ஆண்டின் மோட்டார்க் கார்ச் சட்டம் வேகத்தின் எல்லையை 20 மைலாக உயர்த்தியது, தண்டத்தையும் உயர்த்தியது. வேகக் குற்றத்துக்கு முதன்முறை 10 பவுண் வரையும், இரண்டாம் முறை 20 பவுண் வரையும், அதன்பின் 50 பவுண் வரையும் விதிக்கலாம் என்றாயிற்று. பண்ணைத் தொழிலாளி ஒருவரின் வாரக்கூலி ஒரு பவுணுக்கும் குறைவாயிருந்த காலம் அது. ஆயினும் கார் வைத்திருந்தவர்கள் தொழிலாளர்களல்லர்; செல்வர்கள்.

ஆகவே நாட்டில் இரு அபிப்பிராயங்கள் எழுந்தன. புழுதியைச் சுவாசித்தும், கோழிகளையும் நாய்களையும் பறிகொடுத்தும், குழந்தைகளைத் தெருவில் விட அஞ்சியும் வாழ்ந்த கிராமத்தவர்கள், தண்டம் போதாது என்றனர். செல்வன் அதைத் தண்டனையாகக் கருதாமல், ஆயத் துறையிற் கொடுக்கும் சுங்கம்போல எண்ணிச் செலுத்திவிட்டு மீண்டும் பறந்து செல்கிறான் என்பது அவர்களுடைய முறைப்பாடு. கார் உரிமையாளர்களோ, பொலிசார் வேலியோரத்தில் மறைந்திருந்து, அளந்து குறித்த தூரத்தை நிறுத்தற் கடிகாரத்தால் கணித்துத் தங்களைப் பிடிப்பது வேட்டையே என்றனர். இது உயிர்காக்கும் முயற்சியன்று, உள்ளூர்ப் பண்டகசாலையை நிரப்பும் முயற்சி என்றும் குறை கூறினர்.

இந்தச் சினத்திலிருந்து 1905இல் மோட்டார்ச் சாரதிகள் சங்கம் பிறந்தது. அதன் ஊழியர்கள் துவிச்சக்கர வண்டிகளில் வீதியோரம் சுற்றி, பொலிஸ் பொறி எங்கே இருக்கிறது என்பதை உறுப்பினருக்கு முன்கூட்டியே அறிவித்தனர். இப்படி எச்சரிப்பது பொலிசாரின் கடமைக்கு இடையூறாகலாம் என 1910இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கம் அதற்கும் ஓர் உபாயம் கண்டது. உறுப்பினரின் காரைக் கண்டால் ஊழியர் வணக்கம் செலுத்துவது வழக்கம். வணக்கம் செலுத்தாவிட்டால், முன்னே ஆபத்து உண்டு என்பது பொருள். வணங்காமைக்காக எவரையும் தண்டிக்க முடியாதல்லவா? இவ்வாறு தண்டம் உயர்ந்தது. சட்டத்தின் மதிப்போ தாழ்ந்தது.

இறுதியில் 1930ஆம் ஆண்டுச் சட்டம் கார்களுக்கான வேக எல்லையையே நீக்கிவிட்டது. எவரும் மதியாத விதி இருந்தென்ன பயன் என்பது வாதம். அக்காலத்தில் ஆண்டொன்றுக்கு 7,000 பேருக்கு மேல் வீதியில் மாண்டனர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பாதசாரிகள். 1934இல் எல்லையை மீட்கும் மசோதா விவாதிக்கப்பட்டபோது, விமானத் துறையின் முன்னோடியான மூர் பிறபசன் அதை எதிர்த்தார். ஆண்டுதோறும் 6,000க்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொள்கிறார்களே, அதற்கு யார் ஆரவாரம் செய்கிறார்கள் என்ற கருத்துப்பட அவர் பேசினார். பின்னர் அவரே போக்குவரத்து மந்திரியும் ஆனார். ஆனால் அவர் வாதம் அன்று வெல்லவில்லை. 1935 மார்ச்சு முதல் குடியிருப்புப் பகுதிகளில் 30 மைல் எல்லை நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு யூன் முதல் சாரதிப் பரீட்சையும் கட்டாயமாயிற்று.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் கார் சாதாரணக் குடும்பத்தின் உடைமையாயிற்று. முன்பு புழுதியைச் சபித்தவரின் பிள்ளைகள் இப்பொழுது தாமே சாரதிகள். 1960இல் இலண்டனில் போக்குவரத்துக் காவலர்கள், வாகனத்தைத் தவறான இடத்தில் நிறுத்தியோருக்கு 2 பவுண் தண்டச் சீட்டு வழங்கத் தொடங்கினர். மாரடைப்புற்ற நோயாளியைக் கவனிக்கச் சென்ற வைத்தியரின் காரிலும் சீட்டு ஒட்டப்பட, மக்கள் கொதித்தெழுந்தனர், அச்சீட்டு இரத்தாயிற்று. தொகை சிறிது, எனினும் அநீதி என்று தோன்றியதும் பொறுக்க இயலவில்லை.

ஏழாண்டுகளின் பின் நடந்ததோ இதற்கு நேர்மாறு. 1967 ஒக்தோபரில், மந்திரி பார்பரா காசில் கொண்டுவந்த சட்டத்தின்படி, சாரதியின் மூச்சைச் சோதித்து மது அறியும் முறை வந்தது. குற்றவாளிக்குத் தண்டத்தோடு ஓராண்டேனும் சாரதி அனுமதிப்பத்திரமும் போயிற்று. கார் ஓட்டத் தெரியாத பெண்ணுக்கு இதில் என்ன வேலை என்று பலர் ஏசினர். கொலை மிரட்டல்களும் வந்தன. ஆனால் 1966இல் 7,985 ஆயிருந்த வீதி மரணம் 1968இல் 6,810 ஆகக் குறைந்தது. உயிர் பிழைத்தவர் யார் என்று எவராலும் பெயர் சொல்ல முடியாது. ஆயினும் கணக்கு மறுக்க முடியாததாயிற்று. ஏச்சுக் காலப்போக்கில் அடங்கியது. குடித்துவிட்டு ஓட்டுவது வெட்கத்துக்குரிய செயலென்ற எண்ணம் மெல்ல வேரூன்றியது.

செல்வனுக்குத் தண்டம் சுங்கமாகிவிடுகிறதே என்ற பழைய முறைப்பாட்டுக்குப் பின்லாந்து வேறொரு விடை கண்டது. 1921 முதல் அங்கே தண்டம் குற்றவாளியின் நாள் வருமானத்தைக் கொண்டு கணிக்கப்படுகிறது. பெரிய வேகக் குற்றத்துக்கு ஏழையும் செல்வனும் ஒரே தொகையை இறுப்பதில்லை. இருவரும் ஒரே அளவு நோவை உணர்கின்றனர்.

இந்தப் பாடம் இலங்கைக்கும் அந்நியமன்று. 2016 நவம்பரில், பாரதூரமான சில வீதிக் குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டம் 25,000 ரூபாவாக வேண்டும் என்று பிரேரிக்கப்பட்டது. அவ்வாண்டில் நாட்டின் வீதிகளில் மாண்டோர் சுமார் 3,000 பேர். நோவு பெரிது, மருந்தும் கடுமையானது. ஆனால் பிரேரணை வெளிவந்த இடம் வரவு செலவுத் திட்டம். வருமானக் கணக்கின் நடுவே கூறப்பட்ட தண்டத்தை, வரியின் மாறுவேடமென்று சாரதிகள் சந்தேகித்ததில் வியப்பில்லை. தனியார் பஸ் துறையினர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வீதியில் மாண்டவர்களுக்கோ வேலைநிறுத்தம் செய்ய ஒரு சங்கம் இல்லை.

தண்டப்பணம் உயரும்போது மக்கள் கேட்பவை மூன்று. இப்பணம் யாருக்காக? இது எல்லோரையும் ஒரே விதமாகத் தைக்குமா? இதனால் ஓர் உயிரேனும் காக்கப்படுமா? இவற்றுக்கு நேர்மையான விடை கிடைத்தபோது கடுந்தண்டமும் ஏற்கப்பட்டது; கிடையாதபோது சிறுதண்டமும் வெறுக்கப்பட்டது. அந்த விடையைக் கூறுவது அரசின் கடமை. தனக்கு வந்த தண்டச் சீட்டைச் சபிக்குமுன், வீதியைக் கடக்கக் காத்துநிற்கும் குழந்தையையும் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது சாரதியின் கடமை.