குடற்காயச் சீரமைப்பில் ஒட்டுப்பொருள்கள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

குடற்காயம் ஏனைய காயங்களைப் போன்றதன்று. தோலில் ஏற்பட்ட வெட்டு சிறிது திறந்திருந்தாலும் ஆறக்கூடும். குடலில் ஒரு சிறு துளை எஞ்சினும் மலமும் நுண்ணுயிரிகளும் வயிற்றறைக்குள் கசிந்து உயிரைப் பறிக்கும். இக்கசிவைத் தடுக்க மனிதன் கையாண்ட பொருள்களின் வரலாற்றை நூலிலிருந்து செயற்கை ஒட்டு நோக்கிய நேர்கோட்டு வளர்ச்சியாகக் காண்பது பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொன்மைச் சான்றுகள்

சுசுருத சம்ஹிதையின் சிகிச்சாஸ்தானம் 14ஆம் அத்தியாயம், துளைபட்ட குடலின் விளிம்புகளைப் பெரிய கருநிற எறும்புகளைக் கொண்டு கடிக்கச் செய்து, உடலை நீக்கித் தலையை மட்டும் விட்டுவிடுமாறு கூறுகிறது. கொர்தோபாவில் வாழ்ந்த அல்-ஸஹ்ராவியும் எறும்பு முறையைக் குறிப்பிடுகிறார். விலங்கின் குடலிலிருந்து எடுத்த இழையால் தைப்பதையும் அவர் கூறுகிறார். இடைக்கால ஐரோப்பியர் கிழிந்த குடலுக்குள் மரக்குழலையோ விலங்கின் மூச்சுக்குழலையோ செருகி, அதன்மேல் தைத்தனர்.

எறும்புத் தலையை இன்றைய தையல் ஊசிக்கருவியின் முன்னோடி எனப் புகழ்வோர் உளர். விளிம்புகளை இறுகப் பற்றவைத்தல் என்ற நோக்கில் ஒப்புமை உண்டு. எனினும் அம்முறையால் பிழைத்தோர் எத்தனை பேர் என்பதை நூல் கூறவில்லை. ஆகவே அதனைச் சிந்தனைக்குச் சான்றாகக் கொள்ளலாமேயன்றி வெற்றிக்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் திருப்பம்

1826இல் பாரிசைச் சேர்ந்த அந்துவான் லம்பேர், குடலின் வெளிச்சவ்வோடு வெளிச்சவ்வு பொருந்துமாறு தைத்தால் அவை விரைவில் ஒட்டிக்கொள்ளும் எனக் காட்டினார். 1887இல் ஹால்ஸ்டெட், சளிப்படலத்தின் அடியடுக்கைப் பற்றாத தையல் நில்லாது என்பதை நாய்களில் செய்த சோதனைகளால் நிறுவினார். காயத்தை மூடுவது பொருளன்று, திசுவே என்பது இவ்விருவரின் ஆய்வுகளாலும் தெளிவாயிற்று.

அதே காலத்தில் நிக்கோலஸ் சென் சுண்ணாம்புச்சத்து நீக்கிய எலும்புத் தகடுகளைப் பயன்படுத்தினார். 1892இல் சிகாகோவின் ஜான் மர்ஃபி இரு பாதிகளாலான உலோகப் பொத்தானை அறிமுகப்படுத்தினார். குடல்முனைகள் இணைந்ததும் தகடு கரைந்தது. பொத்தான் மலத்துடன் வெளியேறியது. இரண்டுமே பணி முடிந்ததும் விலகுவதற்கென்றே அமைக்கப்பட்டவை.

உடலே ஒட்டாதல்

முன்சிறுகுடற் புண் துளைபட்டால் வபை எனும் கொழுப்புத் திரையின் ஒரு பகுதியைத் துளைமேல் வைத்துக் கட்டும் முறையை டொரன்டோவின் ராஸ்கோ கிரஹாம் 1937இல் விளக்கினார். இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. நடுச்சிறுகுடலின் வெளிப்பரப்பையே ஒட்டாகப் பயன்படுத்தலாம் என்பதைக் கோபோல்டும் தாலும் 1963இல் விலங்குச் சோதனைகளால் காட்டினர். இவ்விரண்டிலும் ஒட்டு உடலின் சொந்தத் திசுவாகும்.

செயற்கை ஒட்டும் அதன் எல்லையும்

1958இல் பிரான்சிஸ் அஷர் பாலிஎத்திலீன் வலையை வயிற்றுச்சுவர்க் குறைபாடுகளுக்குப் பயன்படுத்தினார். பின்னர்ப் பாலிபுரொப்பிலீன் வலை அவ்விடத்தைப் பெற்றது. குடலிறக்க அறுவையில் இது பெருவெற்றி கண்டது. ஆனால் வயிற்றுச்சுவரைத் தாங்கிய அவ்வலையே குடலை நேராகத் தொட்ட இடங்களில் ஒட்டுதலையும், சில வேளைகளில் சுவரை அரித்துப் புரைவழியையும் உண்டாக்கியது. இழைகளின் இடுக்குகளில் நுண்ணுயிரிகள் தங்கின. இடையறாது அசையும் குடல்மீது அசையாத வலை உராய்ந்தது. டெஃப்ளான், டேக்ரான் துண்டுகளால் குடற்சுவரையே அடைக்கும் முயற்சிகள் பெரும்பாலும் விலங்குச் சோதனைகளோடு நின்றன.

இத்தடையே ஆய்வாளரை உறிஞ்சப்படும் பொருள்களை நோக்கித் திருப்பியது. பாலிகிளைக்கோலிக் அமில வலைகளும், பன்றிச் சிறுகுடலின் அடியடுக்கிலிருந்து உயிரணுக்களை நீக்கி ஆக்கப்பட்ட படலங்களும் இவ்வகையின. புதுத்திசு வளரத் தற்காலிகச் சாரமாக நின்று மறைவதே இவற்றின் பணியாகும்.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளைத் தொகுத்து நோக்கின், நிலைத்திருக்கும் பொருளைவிட விலகிச்செல்லும் பொருளும் உடலின் சொந்தத் திசுவுமே குடலில் மிகுதியும் பயன்பட்டமை புலனாகிறது. வலிமையே சிறப்பு எனும் அளவுகோல் வயிற்றுச்சுவருக்குப் பொருந்தியது, குடலுக்குப் பொருந்தவில்லை. எனவே இவ்வரலாற்றைப் பொருளின் வளர்ச்சியாக மட்டுமன்றி, திசு ஆறும் இயல்பை மருத்துவர் படிப்படியாக உணர்ந்த வரலாறாகவும் எழுதுவதே தகும்.