எல்லோருக்குமான அலுவலகம்: கட்டும் முன்பே கவனிக்க வேண்டியவை

அலுவலகம் திறக்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது வாடகை, இடத்தின் அளவு, வண்டி நிறுத்த வசதி. அங்கு வேலைக்கு வருபவர்களில் கர்ப்பிணி இருக்கலாம், மூட்டுவலிக்காரர் இருக்கலாம், சக்கர நாற்காலியில் வருபவரும் இருக்கலாம். இந்த எண்ணம் பெரும்பாலும் கட்டடம் முடிந்த பிறகே வருகிறது. அப்போது "வசதி இல்லை" என்ற ஒரே சொல்லில், தகுதியுள்ள ஒருவரின் வாழ்வாதாரம் பறிபோகிறது.

உட்காரும் உரிமை

நின்றபடி வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் கூறியது. கடை ஊழியர்களுக்கு அது பொருந்தவில்லை. கேரளாவில், கோழிக்கோட்டுக் கடைகளில் பணிபுரிந்த பெண்கள் விஜி என்ற தையற்கலைஞரின் தலைமையில் முதலில் கழிப்பறைக்காகவும், பின்னர் உட்காரும் உரிமைக்காகவும் போராடினார்கள். 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு அரசு 2021 செப்டம்பரில் தனது 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர் அனைவருக்கும் இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது.

தமிழ்நாட்டின் அந்தத் திருத்தம் புதுச்சேரிக்குப் பொருந்தாது. இங்கு 1964ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உள்ளது. ஆனால், ஒரு முக்காலி வாங்கிப் போடுவதற்கு எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

வாசற்படி

முத்தியால்பேட்டை போன்ற பகுதிகளில் வீட்டின் முன்பகுதியே அலுவலகமாக மாறுவது வழக்கம். மழைநீர் புகாதிருக்கத் தரையை உயர்த்திக் கட்டுகிறோம். அந்த உயரமே சிலருக்குத் தடையாகிறது. சாய்தளம் அமைக்க 1:12 என்ற கணக்கு உண்டு. அரை அடி உயரத்துக்கு 6 அடி நீளம் வேண்டும், ஒன்றரை அடிக்கு 18 அடி வேண்டும். தெருவில் அவ்வளவு இடம் இருக்காது. செங்குத்தாக ஒரு சிமெண்ட் சரிவைப் பூசிவிட்டால் அதில் நாற்காலி வழுக்கும், கவிழும். எனவே வரைபடம் போடும்போதே சாய்தளத்தைப் பக்கவாட்டில் திருப்பி அமைக்கவும், இருபுறமும் கைப்பிடி வைக்கவும் பொறியாளரிடம் சொல்லிவிட வேண்டும். கதவின் திறப்பு 900 மில்லிமீட்டர் இருந்தால் சக்கர நாற்காலி தாராளமாக நுழையும்.

அறிவிப்புகளைப் பெரிய எழுத்திலும் படத்துடனும் வைத்தால் பார்வை குறைந்தவருக்கும், தமிழ் படிக்கத் தெரியாத வெளிமாநிலத் தொழிலாளிக்கும் உதவும். தீ எச்சரிக்கை மணியுடன் ஒளிரும் விளக்கும் இருந்தால் செவித்திறன் அற்றவர் தப்பிக்க முடியும்.

ஓர் அமைதியான அறை

லுஹர், அஸர் தொழுகைகள் வேலை நேரத்துக்குள் வருபவை. தொழுகை விரிப்பு விரிக்கும் அளவு சுத்தமான இடமும், ஒளூ செய்ய உட்கார்ந்தபடி எட்டும் குழாயும் போதும். அந்தக் குழாய் முதியவருக்கும் குனிய முடியாதவருக்கும் பயன்படும். உள்தாழ்ப்பாளும் திரையும் உள்ள சிறிய அறை இருந்தால் பாலூட்டும் தாயும், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவரும், அமைதி தேடும் பிற சமயத்தவரும் நேரம் பிரித்துப் பயன்படுத்தலாம்.

சட்டத்தின் எண்ணிக்கைகள்

10 பேர் வேலை செய்யும் இடத்தில், பாலியல் தொல்லை குறித்த புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் சட்டம். அதற்குக் குறைவானவர்கள் உள்ள இடங்களில் பணிபுரியும் பெண்கள் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம். ஊழியர் எத்தனை பேர் இருந்தாலும், மாற்றுத்திறனாளிகளுக்கு என்னென்ன வசதிகள் உள்ளன என்பதைச் சமவாய்ப்புக் கொள்கையில் எழுதிவைக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த விதி இது. 50 பேர் இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம்.

நம் பகுதியில் பெரும்பாலானவை நான்கைந்து பேர் வேலை செய்யும் சிறு அலுவலகங்கள். இந்த எண்ணிக்கைகளில் எதுவும் அவற்றைத் தொடாது. அங்கே ஊழியரின் நிலை பெரும்பாலும் உரிமையாளரின் மனசாட்சியைப் பொறுத்தது. ஆகவே புது இடம் பார்க்கும்போதே, வேலை செய்பவர்களை அழைத்துச் சென்று காட்டி, "உங்களுக்கு இங்கே எது சிரமம்?" என்று கேளுங்கள். சுவர் எழும்பும் முன் அந்தக் கேள்விக்குச் செலவு மிகக் குறைவு.