கப்பலேறிய கல்மூங்கில்

காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி, காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. அடிவாரத்தில் எவரிடமாவது, 'தூண்டிலுக்கு எந்தக் கோல்ப்பா நல்லது?' என்று கேட்டுப்பாருங்கள். மூங்கிலைத்தான் சொல்வார்!

அந்த மூங்கில் லேசுப்பட்ட ஆளில்லை. வறண்ட மலைச்சரிவுகளில், உள்ளே துளை குறைந்து கெட்டியாக வளர்கிற கல்மூங்கில், 19-ம் நூற்றாண்டில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறியது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சாமுவேல் ஃபிலிப் என்ற துப்பாக்கி செய்பவர், 1840-களில் மூங்கிலைப் பிளந்து, சீவி, பட்டைகளை ஒன்றாக ஒட்டித் தூண்டில் கோல் செய்தார். மூங்கிலின் பலமெல்லாம் மேல்தோலை ஒட்டிய நாரில் இருக்கிறது என்பதுதான் இதன் சூட்சுமம். பிற்பாடு தென்சீனாவின் டோங்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடிக்க, அப்புறம் கண்ணாடியிழை, கார்பன் இழை என்று காலம் மாறியது.

சரி, எந்தத் தண்ணீருக்கு எந்தக் கோல்? சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டில் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது போதாதென்று 1887-ல் ஏரி, குளத்துத் தூண்டிலுக்கென்றே தனியாக இன்னொன்று! காரணம் இருக்கிறது. அசையாத குளத்தில் கெண்டை லேசாகக் கொத்தும். தக்கை அசைவதைப் பார்த்துச் சுண்ட, நுனி மெலிந்த நீளக்கோல் வேண்டும். பாசிக்குள் பதுங்கும் விராலுக்கு இது சரிப்படாது. சிக்குவதற்குள் வெளியே தூக்க, குட்டையான முரட்டுக்கோல்தான் லாயக்கு. ஆற்று மஷீரோ மாட்டியதும் பாயும். அதை இழுத்து நிறுத்தப் பார்த்தால் நரம்பு அறுந்துவிடும். வளைந்து கொடுக்கிற உறுதியான கோலும், நரம்பை விட்டுப்பிடிக்க ரீலும் அவசியம்.

1946-ல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் கபினி ஆற்றில் பிடித்த மஷீரின் எடை சுமார் 54 கிலோ! காவிரிப் படுகைக்கே உரிய அந்த இனத்தை 2018-ல் 'மிக அருகிய இனம்' என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. கோல் கார்பனாகிவிட்டது... மீனைத்தான் காணோம்.

கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயில் ஆற்றில் வேறு சட்டம். அறுத்த மீன் துண்டுகள் ஒன்று சேர்ந்து தண்ணீரில் துள்ளிப் பாய்ந்ததாகத் தலபுராணம். பக்தர்கள் அங்குள்ள மீன்களுக்கு இரை போட்டுக் கும்பிடுகிறார்கள். அந்தத் தண்ணீருக்குச் சரியான கோல் எது என்று கேட்டால்... எதுவுமே இல்லை!