தாதியரும் சம்பள ஏணியும்

தாதியரைப் புகழாதார் எவருமிலர். 'அன்னை' என்கிறோம்; 'தெய்வம்' என்கிறோம். தெய்வத்துக்குச் சம்பளம் எதற்கு என்ற எண்ணம் இப்புகழுரையின் நிழலிலேயே நெடுங்காலம் வளர்ந்து வந்துள்ளது. 'சிஸ்டர்', 'மேற்றன்' என்னும் பதவிப் பெயர்களை எமக்குத் தந்த பிரித்தானியாவின் வரலாறே இதற்குச் சான்றாகும்.

1860இல் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் தாதியர் பயிற்சிப் பள்ளி இலண்டனிலே தொடங்கிற்று. இழிவாகக் கருதப்பட்ட ஒரு வேலை மதிப்புக்குரிய தொழிலாயிற்று. ஆயினும் மதிப்பு உயர்ந்த அளவிற்கு வேதனம் உயரவில்லை. உணவும் உறைவிடமும் ஊதியத்தின் ஒரு பகுதியாகவே கணிக்கப்பட்டன. 1919இல் தாதியர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. நியூசீலந்து 1901இலேயே அதனைச் செய்துவிட்டது. பதிவு தாதிக்குத் தகுதியைத் தந்தது, சம்பளத்தைத் தரவில்லை. போர்க்காலத்தில் தாதியர் பற்றாக்குறை நாட்டை நெருக்கிய பின்னரே, 1943இல், றஷ்கிளிவ் குழு நாடளாவிய சம்பளத் திட்டத்தை விதந்துரைத்தது.

அதே 1943இல் பிறந்த இன்னொரு சட்டம் தாதியருக்குள் ஒரு கோட்டைக் கீறியது. பதிவு பெற்ற தாதிக்குக் கீழே, குறுகிய பயிற்சியுடைய இரண்டாந் தரத் தாதி உருவாக்கப்பட்டாள். 1948இல் தேசிய சுகாதார சேவை உதயமாயிற்று. அதனைத் தாங்க மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் பிற குடியேற்ற நாடுகளிலிருந்தும் பெண்கள் கடல் கடந்து சென்றனர். பதிவுத் தாதியாகும் கனவோடு சென்றவருட் பலர், வேறுபாடு இன்னதென்று அறியாமலே இரண்டாந் தரப் பயிற்சியிற் சேர்க்கப்பட்டனர். செய்த வேலையோ பெரும்பாலும் ஒன்று, சம்பளம் குறைவு, பதவியுயர்வுக்கு வழியில்லை. தாயகம் திரும்பினால் அச்சான்றிதழுக்குப் பல இடங்களில் மதிப்புமில்லை. நிறவேற்றுமை, சம்பளப் பட்டியல் என்னும் சாதுவான உருவிலும் வரும் என்பதை நாம் மறத்தலாகாது.

பதிவு பெற்ற தாதியின் நிலை என்ன? 1966இல் வெளிவந்த சல்மன் குழுவின் அறிக்கை மூத்த தாதியர் பதவிகளைப் படிப்படியாக வகுத்தது. நிருவாகத்திலே தாதியரின் குரல் ஒலிக்க அது வழிசெய்தது, அது நன்றே. ஆனால் ஏணியில் ஏற ஏற, நோயாளியின் கட்டில் தொலைவாயிற்று. கைதேர்ந்த தாதி கூடுதற் சம்பளம் பெற வேண்டுமாயின், தான் கைதேர்ந்த வேலையையே விட்டு மேசைக்குச் செல்ல வேண்டும் என்ற முரண்பாடு வேரூன்றியது.

இம்முரண்பாட்டைத் தீர்க்க முயற்சிகள் நடைபெறாமலில்லை. 1988இல் மருத்துவப் பணித்திறனை அளந்து தரம் பிரிக்க முயன்றனர்; முறையீடுகள் மலையெனக் குவிந்தன. பணிநேரத்திற் பாதியையேனும் நோயாளரிடையே கழிக்கும் ஆலோசகத் தாதியர் 2000 முதல் நியமிக்கப்பட்டனர். அவர் தொகையோ சிறிது. 2004இல் ஒன்பது சம்பளப் படிகள் வகுக்கப்பட்டன. அறிவு, பொறுப்பு, உடலுழைப்பு ஆகியவற்றோடு மனவுழைப்பும் அளவுகோலில் இடம்பெற்றமை பெரும் முன்னேற்றமே. புதிதாகப் பதிவு பெற்றவர் ஐந்தாம் படியிலும், விடுதிப் பொறுப்புத் தாதியர் ஆறாம் ஏழாம் படிகளிலும் பொதுவாக அமர்ந்தனர். எனினும் 2018ஆம் ஆண்டின் உடன்பாடு படிக்குள் இருந்த இடைப்படிகளைக் குறைத்தது. இளந்தாதி விரைவில் உச்சியைத் தொட அது உதவியது. ஆனால் நான்காண்டுகளில் அவ்வுச்சியை அடைந்தவரும், அதே படியில் முப்பது ஆண்டுகள் நோயாளரோடு வாழ்ந்தவரும் ஒரே அடிப்படைச் சம்பளமே பெறலாயினர்.

2022 டிசம்பர் 15ஆம் நாள் இங்கிலாந்தின் வைத்தியசாலை வாயில்களில் தாதியர் மறியலில் நின்றனர். 1916இல் தோன்றிய தாதியர் றோயல் கல்லூரி அந்நாட்டில் அதற்குமுன் அத்தகைய வேலைநிறுத்தத்தை நடத்தியதில்லை. நூறாண்டுப் பொறுமை அன்று முடிவுக்கு வந்தது.

நள்ளிரவில் நோயாளியின் மூச்சிலே தோன்றும் சிறு மாற்றத்தை முதலில் உணர்பவள் அனுபவம் மிக்க தாதி. அவ்வுணர்வு ஆண்டுகளின் விளைச்சல். அதற்குப் பட்டியலில் இடமளிக்காத சமுதாயம் அவளைத் தெய்வமென்று போற்றுவதில் பயனில்லை. அவளை உழைப்பாளியாக மதிப்போம், உழைப்புக்குரியதைக் கொடுப்போம்.