ஆறு நஞ்சுகளும் நம் மண்ணும்

திண்டுக்கல் என்றதும் பூட்டும் தோலும் நினைவுக்கு வரும். ஊரார் ‘தோல் ஷாப்’ என்றழைக்கும் பதனிடுசாலைகளில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையே தோலைப் பக்குவப்படுத்தியது. அதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். குரோமிய உப்போ அவ்வேலையை ஓரிரு நாளில் முடித்தது. விரைவின் விலையைக் கிணறுகள் செலுத்தின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று, திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் பதனிடுசாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது உச்ச நீதிமன்றம். தொகை சிறிது; அது நிலைநாட்டிய நெறிகள் பெரியவை. மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் ஒன்று. முழுச் சான்றுக்குக் காத்திராமல் தீங்கை முன்கூட்டியே தடுத்தல் மற்றொன்று.

அதே மாவட்டத்தின் மலையில் வேறொரு பாடம் எழுதப்பட்டது. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்த வெப்பமானித் தொழிற்சாலை 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குப் பெயர்ந்தது; பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசமாயிற்று. பாதரசத்தின் கொடுமையை ஜப்பானின் மினமாட்டா முன்பே உலகுக்கு உணர்த்தியிருந்தது. 2001 மார்ச்சில் ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் பழைய இரும்புக் கிடங்கொன்றில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பதை வெளிப்படுத்தினர். ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறியது. தொழிலாளரின் நோய்களுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்றே நிறுவனம் சொல்லிவந்தது. 2016-இல்தான் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது. கழிவு திரும்பிப் போக இரண்டாண்டு. மனிதருக்கு வழி பிறக்கப் பதினைந்தாண்டு!

இவ்விரு வரலாறுகளின் வெளிச்சத்தில் நம் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் நோக்குவோம். ஈயம், பாதரசம், காட்மியம், ஆறிணைதிறக் குரோமியம், தீத்தடுப்புக்கான இருவகைப் புரோமின் சேர்மங்கள் ஆகிய ஆறையும் மின்னணுக் கருவிகளில் மட்டுப்படுத்தும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் இயற்றி, 2006 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. ஈயம் கலந்த பற்றாசு 183 பாகையில் உருகும்; அதற்கு மாற்றான வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவைக்கோ ஏறத்தாழ 217 பாகை வெப்பம் வேண்டும். எந்திரங்களையும் உறுப்புகளையும் மாற்ற நேர்ந்தது. முடியாது என்றோர் இருந்தனர், ஆயினும் முடிந்தது. இந்தியாவிலும் 2014 மே முதல் இவற்றுக்கு வரம்பு உண்டு: காட்மியம் எடையில் 0.01 விழுக்காடு, ஏனையவை 0.1 விழுக்காடு.

மண்ணில் இறங்கிய நஞ்சை மீட்டெடுப்பது அரிது. பட்டறைக்குள் நுழையாமல் தடுப்பது எளிது. அத்தடையை முதலில் வேண்டி நிற்பவர் கருவியை வாங்குபவர் அல்லர், அதைச் செய்பவரும் உடைத்துப் பிரிப்பவருமே. ஏழைகளின் அழுகுரலும் பூமியின் அழுகுரலும் ஒன்றே என்னும் உணர்வைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் திருச்சபையின் முன் வைத்தார். திண்டுக்கல் மக்களுக்கு அது கிணற்று நீரில் கற்ற பாடம்.

பழுதடைந்த கருவியைத் தெருவோரம் எரிப்பவரிடம் சேராமல், உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிப்பது சிறு செயல்தான். ஆயினும் முகமறியாத ஒரு தொழிலாளியின் மூச்சுக்கு நாம் செய்யும் காவல் அது. அயலார் யார் என்ற பழைய வினாவுக்கு இக்காலத்து விடைகளுள் அதுவும் ஒன்றன்றோ?